மஸ்கிக்கு நல்ல கிளைட் பெய்ட் எது? – விவாத இழை

2023 மே 9 – ஒரு வாசகரின் கேள்வி

அண்ணா, போன வருடம் முழுக்க மஸ்கி மீனுக்குப் பக்டெய்ல் (தகடு சுழலும், மயிர் வால் வைத்த லூர்) மட்டும்தான் எறிந்தேன். இந்த சீசனுக்குக் கிளைட் பெய்ட் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் சுவர் முழுக்கத் தொங்குகிறது, விலையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. என் நண்பன், "எது அகலமாகச் சறுக்குகிறதோ அதுதான் நல்ல கிளைடர், மற்றதெல்லாம் பெயின்ட்" என்கிறான். உண்மையா? கனடாவில், ஒன்டாரியோவின் காவார்த்தா ஏரிகளுக்கு எதை வாங்கலாம்?

மே 9, இரவு

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: மஸ்கி என்பது பைக் குடும்பத்துப் பெரிய வேட்டை மீன்; லூர் என்பது கொக்கி மாட்டிய போலி இரை; கிளைட் பெய்ட், சுருக்கமாகக் கிளைடர், அதில் ஒரு வகை. பெயின்ட் விஷயத்தில் உங்கள் நண்பரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அகலம் விஷயத்தில் இல்லை.

கிளைடர் இடமும் வலமுமாகச் சறுக்குவது மஸ்கியைக் கூட்டிவரத்தான். அது வாயைத் திறப்பது பெரும்பாலும் சறுக்கல் முடிந்து, லூர் விலாவைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிற அந்த ஒரு விநாடியில். அதனால் எனக்கு முதல் கேள்வி, நின்ற பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான். மூக்குக் குப்புற விழுந்தால் வேண்டாம். வால் கனத்து நட்டுக்குத்தாகத் தொங்கினால் வேண்டவே வேண்டாம். மட்டமாகக் கிடந்தபடியே மெல்ல இறங்குகிறதா, எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது உடம்பை லேசாக ஆட்டிக்கொண்டு போனால் இன்னும் ஐந்து டாலர் கூடக் கொடுக்கலாம்.

மே 10

"தத்துவம் போதும், பெயர் சொல்லுங்கள்" என்று இரண்டு பேர். சரி.

ஃபான்டம் சாஃப்ட்டெயில், ஹெல்ஹவுண்ட் இரண்டும் இங்கே எந்த மஸ்கிக்காரர் பெட்டியைத் திறந்தாலும் இருக்கும். சால்மோ ஸ்லைடர் போலந்துக்காரர்கள் பைக் மீனுக்காகச் செய்தது. சின்ன உருவம், ஆனால் காவார்த்தா மஸ்கிக்குப் போதும். அதில் மிதப்பது, அமிழ்வது என்று இரண்டு வகை உண்டு, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ரீஃப் ஹாக் பழைய மர லூர், கொஞ்சம் முரடு. வயிற்றில் துளை போட்டு ஈயம் வைத்து அதைப் பழக்கிவைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சூயிக்கையும் கிளைடர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அது விஸ்கான்சின் ஆட்களின் பழைய ஜெர்க்பெய்ட். இழுத்தால் முங்கும், விட்டால் மேலே வரும், ஆழத்தை வால் தகட்டை வளைத்து வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல லூர்தான், வேலை வேறு. சூயிக் மேலும் கீழும் போகும், கிளைடர் ஒரே ஆழத்தில் பக்கவாட்டில் போகும்.

மே 12

ஏன் ஒன்று மட்டமாக நிற்கிறது, இன்னொன்று குப்புற விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் ஈயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒற்றை உடம்புக் கிளைடரில் உதடு கிடையாது, கரண்டி கிடையாது, தண்ணீரைப் பிடித்துத் திருப்ப எதுவுமே கிடையாது. நீங்கள் தூண்டில் ராட்டால் ஒரு தட்டுத் தட்டியதும் மூக்கு ஒரு பக்கம் திரும்புகிறது. அதன் பிறகு தட்டையான விலா தண்ணீரைத் தள்ள, உடம்பின் கனமே அதை இழுத்துக்கொண்டு போகிறது. ஈயம் வயிற்றின் அடியில், நடுவை ஒட்டி இருந்தால் நிமிர்ந்தபடி நெடுந்தூரம் போகும். மேலே ஏறியிருந்தால் புரளும். ஒரே இடத்தில் குவிந்திருந்தால் லூர் சுலபமாகத் திரும்பும். முன்னும் பின்னுமாகப் பிரித்து வைத்தால் திரும்பச் சோம்பல்படும், ஆனால் திரும்பியபின் நேராக நெடுகப் போகும். செய்பவரின் கைவண்ணம் இந்தப் பேரத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேலை. விலைப் பட்டியலில் "கையால் தீட்டிய பெர்ச் மீன் நிறம்" என்று இருக்கும், "ஈயம் சரியான இடத்தில்" என்று யாரும் எழுதமாட்டார்கள்.

விலாவின் வடிவமும் முக்கியம். அகலமான தட்டை விலா சறுக்கலைக் கூட்டும், கூடவே பளிச்சென்று ஒரு வெட்டு வெளிச்சமும் கொடுக்கும். உருண்டையான உடம்பு குறுகலாகப் போகும், வேகமாக இழுத்தாலும் தடுமாறாது.

மே 12, கொஞ்ச நேரம் கழித்து

கடையில் தண்ணீர் இல்லையே, எப்படிப் பார்ப்பது? பார்க்க முடியாது. வாங்கிவந்து குளியல் தொட்டியில் போடுங்கள். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டோம்.

பார்க்கவேண்டியது இதுதான். கொக்கிகள், ஸ்பிளிட் ரிங் (கொக்கியை லூரில் மாட்டும் வளையம்), நீங்கள் நிஜமாகவே கட்டப்போகும் லீடர் (நூலுக்கும் லூருக்கும் நடுவே, மீன் பல்லுக்கு அறுபடாமலிருக்கக் கட்டும் துண்டு) எல்லாவற்றையும் மாட்டி, தண்ணீருக்குள் கையால் மட்டமாகப் பிடித்து, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தடவி எடுத்துவிட்டு, விரல்களைச் சட்டென்று விரியுங்கள். மூக்கு முதலில் தாழ்கிறதா, வாலா? லீடரை மாட்டாமல் பார்த்தால் மட்டமாக இருக்கும், பெரிய சுவிவல், ஸ்னாப் என்ற உலோக இணைப்புகள் உள்ள லீடரை மாட்டியதும் மூக்கு தொங்கிவிடும். பல பேர் "இந்த லூர் சரியில்லை" என்று திட்டுவது உண்மையில் லீடரைத்தான்.

மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பின் கொக்கியின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். வால் தாழ்ந்தால் முன் கொக்கியில். கொக்கியை ஒரு அளவு பெரிதாக மாற்றினாலே எடை ஓரிரு கிராம் கூடும், அதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு. வாங்கிய அன்றே உப்புத்தாளும் துளைக்கருவியும் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மே 20

இரண்டு துண்டாக, நடுவில் கீல் வைத்த கிளைடர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று ஒருவர். நியாயமான கேள்வி. இப்போது யூடியூபைத் திறந்தால் அதுதான்.

அவை பாஸ் மீன் பிடிப்பவர்களிடமிருந்து வந்தவை. எஸ்-வேவர், ஜாயின்டட் கிளா மாதிரி. சும்மா ரீலைச் சுற்றினாலே பாம்பு போல வளைந்து வளைந்து வரும், தட்டத் தேவையில்லை. ரீலை அரைச் சுற்று வேகமாகச் சுற்றி நிறுத்தினால் திரும்பிப் பின்னால் பார்க்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒற்றை உடம்பைவிட இது சுலபம். நான் மறுக்கவில்லை.

எனக்கு இருக்கும் தயக்கம் கீல் பற்றி. பாஸ் மீனுக்குச் செய்த கீல் ஊசி, மஸ்கி கவ்விக்கொண்டு புரளும்போது தாங்குமா? மஸ்கிக்கென்றே தடித்த ஊசியும் பெரிய கண்ணியும் போட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குங்கள். பாஸ் லூரையே எறிவதென்றால் கொக்கியையும் ஸ்பிளிட் ரிங்கையுமாவது மாற்றுங்கள்.

ஜூன் 4

நேற்று சீசன் திறந்தது. ஜூன் முதல் சனி என்றால் காவார்த்தாவில் படகு இறக்கும் இடத்தில் கல்யாண வீட்டுக் கூட்டம். நாங்கள் போனது பிஜன் ஏரி. களை இன்னும் மேலே வரவில்லை, அதன் தலைக்கு மேல் நாலைந்து அடி தெளிந்த தண்ணீர். கிளைடருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. இன்னும் கொஞ்ச நாளில் மில்ஃபாயில் என்ற நீர்க்களை மேலே வந்துவிடும், பிறகு ஒவ்வொரு எறிதலுக்கும் கொக்கியில் ஒரு கட்டுக் கீரைதான் வரும்.

கேள்வி கேட்ட தம்பியும் வந்திருந்தார். அவர் கையைப் பார்த்தபிறகு இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. ராட் நுனி கீழே, தண்ணீரைப் பார்த்து. ஒரு சின்னத் தட்டு, ஓரடிகூட வேண்டாம். தட்டிய மறுகணம் நுனியை லூர் பக்கமாகத் திருப்பி விட்டுவிட வேண்டும். நூல் தளர்ந்தால்தான் லூர் திரும்பும். பெரும்பாலானவர்கள் தட்டிவிட்டு நூலை முறுக்காகவே வைத்திருக்கிறார்கள், அப்போது மூக்கு படகைப் பார்த்தபடி நேராக வரும், "சறுக்கவே மாட்டேன் என்கிறது" என்று புகார் எழும். ரீலின் வேலை, தளர்ந்த நூலை எடுப்பது மட்டும். லூரை நகர்த்துவது ராட்.

தட்டு, விடு, சுற்று. தட்டு, விடு, சுற்று. அப்புறம் ஒரு தடவை, தட்டு, விடு, அவ்வளவுதான். அங்கேதான் மீனின் அடி விழும்.

ஜூன் 5

அடி விழுந்ததா என்று கேட்கிறார்கள். ஒரு மஸ்கி பின்னால் வந்து பார்த்துவிட்டுப் போனது. முப்பத்தைந்து அங்குலம் இருக்கலாம். மஸ்கி பிடிக்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

ஜூன் 11

லீடர். தனியாக எழுதச் சொன்னார்கள்.

மற்ற எல்லா லூருக்கும் நான் 130 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் நூல் போடுகிறேன். கிளைடருக்கு மட்டும் ஒற்றை இழை விறைப்புக் கம்பி, ஓரடி நீளம். காரணம் எளிது: நூலைத் தளரவிடும்போது மெல்லிய, வளையும் லீடர் தொய்ந்து முன் கொக்கியில் போய் மாட்டிக்கொள்ளும். விறைத்த கம்பி அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது லூரின் மூக்குக்கு ஒரு நெம்புகோல் மாதிரியும் வேலைசெய்கிறது, சின்னத் தட்டும் வீணாகாமல் போய்ச் சேரும். கம்பி கோணிவிட்டால் தூக்கிப்போட்டுவிடுங்கள், நிமிர்த்தப் பார்க்காதீர்கள், கோணின இடத்தில்தான் முறியும்.

ரீலில் பிரெய்ட், அதாவது பின்னல் நூல், 80 பவுண்டு. 100 போடுகிறவர்களும் உண்டு; பெரிய லூர் எறியும்போது ரீலில் நூல் சிக்கி, லூர் மட்டும் பறந்துபோவதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஜூன் 18

நிறம் பற்றிப் பேசக் கூடாது என்றிருந்தேன். விடமாட்டேன் என்கிறீர்கள்.

காவார்த்தாவில் வரிக்குதிரை மட்டி வந்தபிறகு பல இடங்களில் தண்ணீர் தெளிந்துவிட்டது. தெளிந்த தண்ணீரில் எனக்குப் பெர்ச் நிறம், அல்லது முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஏதாவது. ஸ்கூகாக் ஆழம் குறைந்த ஏரி, காற்றடித்தால் கலங்கிவிடும். அங்கே ஆரஞ்சு, சார்ட்ரூஸ் (மஞ்சள் கலந்த பச்சை). இருட்டும் நேரத்தில் கறுப்பு. இதற்குமேல் எனக்குக் கருத்து இல்லை. ஒரு விலாவும் இன்னொரு விலாவும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். கிளைடர் இரு பக்கமும் மாறி மாறிக் காட்டுவதால் அது மினுக்கு மினுக்கென்று தெரியும். செய்து பாருங்கள், பெயின்ட்தானே.

ஜூலை 9

மூன்று வாரமாக இழை தூங்குகிறது, தூங்கட்டும். தண்ணீர் சூடாகிவிட்டது. 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 27 செல்சியஸைத் தொட்டுவிட்டால் மஸ்கி பிடிப்பதையே நிறுத்திவிடுங்கள். சூட்டுத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, சண்டை போட்டுக் களைத்த மீன் நீந்திப் போவதுபோலப் போய் எங்கோ ஓரிடத்தில் செத்து மிதக்கும்.

"இவ்வளவு செலவழித்துப் பிடித்து எதற்கு விடவேண்டும், குழம்பு வைத்தால் என்ன" என்று ஸ்கார்பரோவிலிருந்து ஒரு மாமா எழுதியிருக்கிறார். மாமா, உங்கள் கன்சர்வேஷன் லைசென்ஸில் (குறைவாக மீன் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் உரிமம்) மஸ்கி ஒன்றுகூட வைத்துக்கொள்ள முடியாது. முழு அளவுக்கு அனுமதிக்கும் ஸ்போர்ட் லைசென்ஸில் ஒன்று, அதுவும் அந்தந்தப் பகுதிக்குரிய நீளத்துக்கு மேல் இருந்தால். தவிர, பெரிய மஸ்கி வளரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், மற்ற மீனைத் தின்றே வளர்ந்ததில் பாதரசமும் சேர்ந்திருக்கும். ரைஸ் ஏரியில் புளூகில் என்ற சின்ன மீனைப் பிடித்துப் பொரியுங்கள். வாரக்கடைசியில் நானும் அதைத்தான் செய்கிறேன், அதன் ருசிக்கு மஸ்கி கிட்டே வராது.

பைக்கா மஸ்கியா என்று படம் போட்டுக் கேட்டவருக்கு: கீழ்த்தாடையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆறு முதல் ஒன்பது துளைகள் இருந்தால் மஸ்கி, ஐந்தோ அதற்குக் குறைவோ என்றால் பைக். நிறமும் உதவும்: பைக்குக்குக் கறுத்த உடம்பில் வெளிர் புள்ளிகள், மஸ்கிக்கு வெளிர் உடம்பில் கறுத்த கோடோ புள்ளியோ, அல்லது ஒன்றுமே இல்லாமலோ. காவார்த்தாவுக்குப் பைக் பூர்வீகம் கிடையாது, அதனால் பார்த்தால் கவனியுங்கள்.

ஆகஸ்ட் 27

படகோரத்தில் எட்டுப் போடுவது, அதாவது லூரைத் தண்ணீருக்குள் 8 வடிவில் இழுப்பது, பற்றி ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. "கிளைடரில் எட்டுப் போட முடியாது, அதனால் கிளைடரே தண்டம்" என்கிறார் ஒருவர்.

முதல் பாதியில் உண்மை இருக்கிறது. எட்டுப் போடும்போது நூல் முறுக்காகவே இருக்கும். முறுக்கு நூலில் கிளைடர் செத்த கட்டையாக இழுபட்டு வரும், பிளேடு சுழல்கிற பக்டெய்லின் கவர்ச்சி அதற்கு வராது. அதிலும் உயரமான விலா உள்ளது, திருப்பத்தில் சாய்ந்துகொண்டு அடம்பிடிக்கும். ஆனால் மஸ்கி பின்னால் வந்துவிட்டது, மூக்கு லூரின் வாலுக்கு ஓரடி பின்னால் இருக்கிறது, அந்த நேரத்தில் லூரைத் தூக்கிவிட்டு பக்டெய்ல் ராட்டைத் தேடுவதா?

நான் செய்வது: படகுக்கு இரண்டு ராட் நீளம் இருக்கும்போதே கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துவிடுவேன். (தண்ணீரின் பளபளப்பை அடக்கும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் கிளைடர் எறிவது வீண்.) மீன் இருந்தால் தட்டின் வேகத்தைக் கூட்டுவேன். பயந்து ஓடும் இரை வேகம் குறைக்காது. படகோரத்தில் ராட்டை ஆழமாக முக்கி, எட்டுக்குப் பதில் பெரிய அகன்ற வட்டம், வட்டத்தின் வெளிவிளிம்பில் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் மட்டமாக நிற்கிற லூருக்கும் குப்புற விழுகிற லூருக்கும் உள்ள வித்தியாசத்தை, தண்ணீருக்குள் நாலடி தூரத்தில், நீங்களே கண்ணால் பார்க்கலாம். குப்புற விழுந்தால் மீனின் செவுள் லேசாக விரிந்து மூடும், மார்புத் துடுப்பு இரண்டும் விசிறிக்கொண்டே இருக்கும், உடம்பு அப்படியே கீழே தாழ்ந்து நிறம் மங்கி மறைந்துவிடும். மட்டமாக நின்றால் முதுகு வில்லாக வளையும். வளைந்த முதுகைப் பார்த்துவிட்டால் கையை அசைக்காதீர்கள்.

செப்டம்பர் 17

புலம்பல் ஒன்று. போன குளிர்காலத்தில் நல்ல விலை கொடுத்துக் கையால் செய்த மரக் கிளைடர் ஒன்று வாங்கினேன். செய்தவர் பெயர் வேண்டாம். வந்த நாளில் அழகாக நின்று மெல்ல இறங்கியது. இந்த வாரம் பார்த்தால் கல்லாக இறங்குகிறது. கொக்கிக் கண்ணியின் திருகைக் கழற்றியதும் துளையிலிருந்து ஈரம் கசிந்தது. மரம் குடித்துவிட்டது. துளையை முதலில் எபாக்சி விட்டு அடைத்துவிட்டுத்தான் திருகவேண்டும். வெளியே கண்ணாடி மாதிரி பூச்சு, உள்ளே பச்சை மரம் என்றால் இதுதான் கதி.

மரம் வாங்குகிறவர்கள் கண்ணி உடம்புக்குள் நுழையும் இடத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பிசின் பிதுங்கி வந்து உறைந்திருந்தால் நல்லது. பெயின்ட் மட்டும் தெரிந்தால் வாங்கிய அன்றே கழற்றி அடைத்துவிடுங்கள். பல் பட்ட இடங்களிலும் தண்ணீர் ஏறும். மஸ்கியின் பல் எபாக்சியைத் துளைத்துவிடும். நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் சீசன் முடியும்வரை தாங்கும். மனைவியின் நகப்பூச்சு தீர்ந்துபோனதன் பின்னணி இதுதான், இழையைப் படிக்கிறவர்கள் வீட்டில் சொல்லவேண்டாம்.

பிளாஸ்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே வெற்றிடமுள்ள பிளாஸ்டிக் என்றால் ஒட்டுக்கோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். சளக் சளக் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அக்டோபர் 15

"கோடையில் அந்தரத்தில் நின்ற லூர் இப்போது மேலே வருகிறது, என்ன ஆச்சு" என்ற கேள்வி ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வரும்.

லூருக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் மாறிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடியது, 4 டிகிரி செல்சியஸில் உச்சம். 22 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு இறங்கினால், நாலு அவுன்ஸ் கிளைடருக்குக் கிட்டத்தட்ட கால் கிராம் மிதப்புக் கூடும். கால் கிராமா என்று சிரிக்காதீர்கள். வேகமாக இறங்கும் லூருக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் மிதக்காமலும் அமிழாமலும் தொங்குகிற லூருக்கு முழு வித்தியாசமும் அந்தக் கால் கிராம்தான். ஈயக் கம்பி ஒரு சுற்று. தீர்ந்தது.

அளவு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஜூனில் ஆறு அங்குலம், இப்போது எட்டு, ஒன்பது, பத்து. ஆனால் அளவை வேதவாக்காக எடுக்கவேண்டாம். ஒன்டாரியோ சாதனை மஸ்கி, 1988 இல் ஜார்ஜியன் பேயில் கென் ஓ'பிரையன் பிடித்த 65 பவுண்டு மீன், ட்ரோலிங்கில், அதாவது ஓடும் படகின் பின்னால் இழுத்துப்போன, சின்ன மின்னோ லூரில் (சின்ன மீன் வடிவம்) வந்தது. பெரிய லூர் எறிந்தவர்கள் அன்றும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

அக்டோபர் 16

விஸ்கான்சின் சாதனை அதைவிடப் பெரியது என்று உடனே ஒருவர். லூயி ஸ்ப்ரேயின் 1949 மீன், 69 பவுண்டு 11 அவுன்ஸ். தெரியும். அந்த மீனின் நீளத்தைப் பற்றியும் எடையைப் பற்றியும் எழுபது வருடத்துக்கு மேலாக ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையை இங்கே கொண்டுவந்தால் இழை பொங்கல்வரை ஓடும். வேண்டாம்.

நவம்பர் 6

மே மாதம் அகலத்தைக் கொஞ்சம் அதிகமாகவே மட்டம்தட்டிவிட்டேனோ என்று போன வாரம் செயின்ட் கிளேர் ஏரியில் தோன்றியது. அங்கே பெரும்பாலும் பரந்த திறந்த தண்ணீர். மீன் எங்கே இருக்கிறது என்று காட்டக் களை விளிம்பு அதிகம் கிடையாது. அந்த மாதிரி இடத்தில் நாலடி அகலம் சறுக்குகிற லூர் கூடுதல் தண்ணீரைத் தேடிவிடுகிறது. தூரத்து மீனுக்கும் விலா மினுங்குவது தெரியும். அகலம்தான் முக்கியம் என்ற தம்பியின் நண்பர் அங்கே போய்ப் பழகியவர் என்றால் அவர் பேச்சில் அர்த்தம் இருக்கிறது.

காவார்த்தாவின் பக்ஹார்ன் ஏரியில் களைக்கு நடுவே இருக்கும் சந்தில், மூன்றடி அகலமுள்ள பொந்தில், அதே லூரை எறிந்து பாருங்கள். இரண்டாம் தட்டிலேயே களைக்குள் போய்விடும். அங்கே குறுகலாக, நின்ற இடத்திலேயே தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிற லூர்தான் வேண்டும். குளிர்ந்த தண்ணீரிலும் அப்படித்தான். மீன் சோம்பலாக இருக்கும், தன் மூக்குக்கு முன்னால் அதிக நேரம் இருக்கிற ஒன்றைத்தான் கவனிக்கும். ஆக ஒரு லூர் போதாது. இரண்டு: ஒன்று அகலம், ஒன்று குறுகல். இரண்டுக்கும் பொது நிபந்தனை ஒன்றுதான், நின்றால் மட்டமாக நிற்கவேண்டும். அதை மட்டும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

மென்மையான வால் உள்ளதை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: வால் ஒரு பிரேக். சறுக்கலைக் குறைக்கும், புரளுவதைத் தடுக்கும், நின்றபிறகும் கொஞ்சம் ஆடும். வாலைப் பாதியாக வெட்டினால் அதே லூர் அகலமாகப் போகும். உதிரி வால்கள் தனியாகக் கிடைக்கும், அதனால் கத்தரிக்கப் பயப்படவேண்டாம். ஒரு லூரையே இரண்டாக வைத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 7

கொக்கி வெட்டும் கருவி வாங்கினீர்களா? இரண்டு பெரிய மும்முள் கொக்கியோடு துள்ளுகிற மீன், அதன் வாயருகே உங்கள் கை. கையில் ஏறினால் வெட்டுவதற்கு நல்ல எஃகு வெட்டி, நீண்ட குறடு, ஆழமான வலை, இந்த மூன்றும் இல்லாமல் லூர் வாங்குவது அப்புறம். மீனை வலைக்குள் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு கொக்கியை வெட்டிவிடுங்கள். கொக்கி இரண்டு டாலர்.

டிசம்பர் 17

15 ஆம் தேதியோடு காவார்த்தா சீசன் மூடியாயிற்று. லூர்களைப் பெட்டியில் அப்படியே போடாதீர்கள். கொக்கியோடு மென்பிளாஸ்டிக் வால்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வசந்தத்தில் பெயின்டோடு ஒட்டி உருகிக் கிடக்கும். வாலைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள். துருப்பிடித்த கொக்கிகளை இப்போதே மாற்றுங்கள், ஆனால் மாற்றுகிற கொக்கி பழைய எடைதானா என்று சமையலறைத் தராசில் பாருங்கள். எடை மாறினால் தொட்டிச் சோதனையை மறுபடியும் செய்யவேண்டியிருக்கும்.

டிசம்பர் 18

தம்பி கேட்கிறார், பத்து அங்குலக் கிளைடர் ஒன்று பாதி விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று. லூரின் எடை என்ன என்று விற்கிறவரிடம் கேளுங்கள். எட்டு அவுன்ஸ் என்றால் உங்களிடம் இருக்கும் ராட் அதை எறியாது, அடிப்பகுதியில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். ராட்டையும் சேர்த்து வாங்க மனம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஆறு அங்குலத்தில் இன்னொன்று எடுத்து, வாலைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.